நைனாவின் பல்செட்டில் பூத்த பூஞ்சை

என் நைனாவுக்கு மேல்வரிசையில் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. சர்க்கரையும் வெற்றிலைப் பாக்கும் கூட்டுச் சேர்ந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விட்டன. கீழ்வரிசை எப்படியோ தப்பித்து நிற்கிறது. மேலே முழுக்க செட். அண்ணத்தை மூடுகிற இளஞ்சிவப்புத் தகடு, அதன் விளிம்பில் பல்வரிசை. அதைக் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு வாசலிலேயே நின்று ஒரு முறுக்கைக் கடித்துக் காட்டினார். அதற்கப்புறம் அந்த செட் அவர் வாயை விட்டு வெளியே வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அம்மாவும் பார்த்ததில்லை.

நைனா சமையல் மாஸ்டர். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, மேல்மலையனூரில் அமாவாசை அன்னதானம் என்று செஞ்சியைச் சுற்றி எங்கே அடுப்பு மூட்டினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். ருசி பார்க்க அவருக்கென்று ஒரு முறை உண்டு. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக மாட்டார். கொதிக்கிற குண்டானிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, நாக்கில் தொட்டு, கண்ணை மூடுவார். கூட வேலை செய்கிறவர்கள் கையில் இருப்பதை அப்படியே நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். கண்ணைத் திறந்து ஒரே வார்த்தை சொல்வார். "புளி" என்பார், இல்லாவிட்டால் "எறக்கு" என்பார். அடுத்த நொடியே கையைக் கழுவிவிடுவார். சமையல்காரன் கை வாய்ப்பக்கம் போய் வந்ததை விருந்துக்காரன் பார்த்துவிட்டால் அன்றோடு பேர் போச்சு என்பது அவருடைய கணக்கு.

அந்த நாக்குதான் கெட்டது.

முதலில் வாய் எரிகிறது என்றார். பிறகு எதைத் தின்றாலும் ஆணியை மென்ற மாதிரி இருக்கிறது என்றார். உதட்டின் இரண்டு ஓரங்களும் வெடித்து, கொட்டாவி விட்டால் ரத்தம் கசிந்தது. சூடு என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மணத்தக்காளிக் கீரையும் மோரும் தேங்காய்ப் பாலும் மாறி மாறி நடந்தன. கூட வேலை செய்கிற ஒருவர், யாரோ கண் வைத்துவிட்டார்கள், சுற்றிப் போடுங்கள் என்றார். அதுவும் நடந்தது.

நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படி ஏறியவன். படித்தது நுண்ணுயிரியல். கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சையை வளர்த்து, அதை வரைந்து, மார்க் வாங்கியவன். இப்போது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இது பல்செட்டால் வருகிற பூஞ்சையாக இருக்கும், டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னபோது நைனா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. பரீட்சையில் எழுத வேண்டியதை வீட்டில் வந்து உளறுகிறானே என்கிற பார்வை.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பியது என் பேச்சு இல்லை, ஒரு கூட்டு. எங்கள் பக்கத்தில் பரம்பரையாக நிலம் வைத்து விவசாயம் பார்க்கிற தமிழ்ச் சமணக் குடும்பம் ஒன்று இருக்கிறது. நயினார் வீடு என்போம். அவர்கள் வீட்டு விசேஷத்தில் வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கிடையாது. பொழுது சாய்வதற்குள் கடைசிப் பந்தி எழுந்துவிட வேண்டும். மசாலா வாசனையை வைத்து எதையும் மறைக்க முடியாத சமையல். உப்பு கொஞ்சம் தூக்கினாலும் இலையிலேயே காட்டிக் கொடுத்துவிடும். அந்த வீட்டுக்கு வருஷக்கணக்காக நைனாதான் மாஸ்டர். அதில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு.

அந்த வீட்டுப் பேத்தியின் காதுகுத்தில் கூட்டுக்கு உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. உள்ளங்கையில் விட்டு, நாக்கில் தொட்டு, கண்ணை மூடித்தான் "எறக்கு" என்றிருக்கிறார். நாக்கு பொய் சொல்லிவிட்டது. அந்த வீட்டம்மா சத்தம் போடவில்லை. இரண்டாம் பந்தியில் எல்லா இலைக்கும் தயிர் போகச் சொன்னார்களாம். கிளம்பும்போது, மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா என்று மட்டும் கேட்டார்களாம். அவர்கள் மகனுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது. எப்போதும் "வந்துடுங்க" என்கிறவர்கள், இந்தத் தடவை "சொல்லி அனுப்புறோம்" என்றார்களாம். திட்டியிருந்தால் நைனா தூங்கியிருப்பார். அந்தச் "சொல்லி அனுப்புறோம்" அவரைப் படுக்க விடவில்லை. மறுநாள் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

பல் டாக்டர் ஒரு பெண், என் வயது இருக்கும். செட்டைக் கழற்றுங்கள் என்றதும் நைனா என்னை வெளியே போகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டபோது நைனா செட்டைத் துண்டுக்குள் சுருட்டி மடியில் வைத்திருந்தார். உதட்டை இறுக்கி, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் அடித்து டாக்டர் எனக்குக் காட்டினார். அண்ணம் முழுக்கச் செக்கச்செவேல். அந்தச் சிவப்பு எங்கே வேண்டுமானாலும் பரவியிருக்கவில்லை. தகடு எதுவரை உட்காருமோ அதுவரை, கோடு போட்டு நிறுத்தின மாதிரி நின்றது.

பூஞ்சை வாயில் இருப்பதைவிடத் தகட்டின் உள்பக்கத்தில்தான் அதிகம் இருக்கும், வாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போகும், திரும்ப வரும் என்றார் டாக்டர். தினமும் படுக்கும்போது கழற்றி வைத்துவிட வேண்டும். சாப்பிட்டதும் எடுத்துக் கழுவ வேண்டும். மிருதுவான பிரஷ்ஷில் சோப்புப் போட்டு உள்பக்கமும் தேய்க்க வேண்டும். பேஸ்ட் வேண்டாம், கீறல் விழும், கீறலில் பூஞ்சை குடியேறும். கொதிநீர் கூடவே கூடாது. ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வைத்து, அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். சொட்டு மருந்தை செட்டைக் கழற்றிவிட்டு அண்ணத்தில் படுகிற மாதிரி விட்டுக் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை மாத்திரையை விடாமல் போட வேண்டும். நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நானும் நம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சண்டை கிண்ணத்தில் ஆரம்பித்தது.

"வாயில இருந்து எடுத்தத ஏனத்துல போட்டு வெப்பியா? நாளைக்கு அதுல யாரு தண்ணி குடிக்கிறது?" என்றாள் அம்மா.

அதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். தனியாக வைத்தாலும் கழுவுவது இதே தொட்டியில்தானே என்றாள். எங்கள் வீட்டில் கடித்த பழத்தைத் தட்டில் திரும்ப வைக்க முடியாது. ஒருவர் வாய் வைத்த சொம்பை இன்னொருவர் தொட மாட்டார். அப்படிப்பட்ட வீட்டில், எச்சிலிலேயே ஊறிக் கிடந்த ஒரு சாமானை எடுத்துப் பாத்திரத்தில் போட்டு அலமாரியில் வை என்றால் எப்படி வைப்பாள்? நான் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி வந்தேன். அம்மா அதைக் கொண்டுபோய் பாத்ரூமில் பினாயில் பாட்டில் பக்கத்தில் வைத்தாள்.

"வாய்க்குள்ள போற பொருளக் கக்கூஸ்ல வெக்கறாளாம்" என்று நைனா கத்தினார். அவர் சொல்வதும் நியாயம்தான். நான் எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். லேபுக்குப் போய்விட்டு வந்தால் பாத்ரூமில் இருந்தது. திரும்ப ஜன்னல். திரும்பப் பாத்ரூம். இப்படி அந்த டப்பா வீட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் செட் மட்டும் ஒருநாளும் போகவில்லை.

காலையில் கேட்பேன்.

"கய்ட்டினியா நைனா?"

"கய்ட்டினேன்."

"டப்பால தண்ணியே இல்லியே."

"காஞ்சி போயிருக்கும், வெயிலு இன்னா கொஞ்சமாவா அடிக்குது?"

சொட்டு மருந்தையும் ஒருநாள் பார்த்துவிட்டேன். அண்ணாந்து, செட் போட்ட வாயிலேயே விட்டுக்கொண்டு, ஒரே மடக்கில் விழுங்கினார். தகட்டுக்கு மேல் ஊற்றினால் தகட்டுக்குக் கீழே இருப்பது எப்படிச் சாகும்? மருந்து பாட்டில் காலியாகிக்கொண்டே வந்தது, வாய் சிவந்தபடியே கிடந்தது, மருந்து வேலை செய்யவில்லை என்று பழி மட்டும் என் மேல் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், உனக்கு யார் சொன்னால்தான் ஏறும் என்று கேட்டுவிட்டேன். அப்போதுதான் அவர் உள்ளே வைத்திருந்ததைச் சொன்னார்.

"மண்டபத்துல பத்துப் பேரோட பாய் போட்டுப் படுக்கிறவன்டா நானு. பொக்கை வாயோட எழுந்தா எவன் என்னை மாஸ்டர்ம்பான்? பாத்திரம் கழுவுற கொழாயில ஒருத்தன் செட்டக் கய்ட்டிக் கழுவினான். மாப்ள வூட்டுக்காரன் பாத்துட்டான். பந்தியே எழுந்து போயிடுச்சி. இன்னிக்கு வரைக்கும் அவன எவனும் கூப்பிடறதில்ல. ஒனக்குப் படிப்பு இருக்குது, எனக்கு இந்த வாய்தான இருக்குது?"

அந்த வாயைக் காப்பாற்றத்தானே சொல்கிறேன் என்றேன். என் காதுக்கே அது நோட்டில் எழுதின பதில் மாதிரி கேட்டது. அவர் பயம் வேறு, நான் பேசுவது வேறு. எவ்வளவு படித்தும் இந்த இரண்டையும் ஒரு இடத்தில் கொண்டுவந்து உட்கார வைக்க எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒரு வழி தோன்றியது. அவர் பாஷையிலேயே சொல்வோம் என்று, ஒரு காலை அவர் காபி குடிக்கும்போது ஊறுகாயை இழுத்தேன். ஈரக் கரண்டி விட்ட ஊறுகாய் மேலே வெள்ளையாகப் பூக்கிறதே, அதே ஜாதிதான் உன் வாயில் இருப்பதும். உன் தகடுதான் அந்த ஜாடி. ஊறுகாயை மாற்றினால் போதாது, ஜாடியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றேன். நைனா முகம் தெளிந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். நான் விசிலடித்துக்கொண்டு லேபுக்குப் போனேன். அன்றைக்கு ஊசி குத்தினதெல்லாம் ஒரே குத்தில் ரத்தம் வந்தது.

பூஞ்சை பிடித்த ஜாடியைச் சமையல்காரர்கள் என்ன செய்வார்கள்? சோடா உப்புப் போட்டுக் கொதிநீரை ஊற்றுவார்கள். நல்ல வெயிலில் கவிழ்த்து, ஈரம் சொட்டு இல்லாமல் காய விடுவார்கள். நைனா அதைத்தான் செய்திருக்கிறார், ஒரு சுத்தக் குறைச்சலும் இல்லாமல். அம்மா பாத்திரம் தரவில்லை என்று பழைய பெயின்ட் டப்பாவைத் தேடி எடுத்து, செட்டைப் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்திருக்கிறார். பிறகு மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே வடகம் காய்ந்துகொண்டிருந்தது. வடகத் துணிக்குக் கிட்டே வைக்கக் கூடாது என்று அம்மா விரட்டியதில், எதிரே நிற்கிற மலைப்பாறையில் பட்ட வெயில் அத்தனையும் திரும்பி வந்து விழுகிற மூலையில், வெறும் சிமென்ட் தரையில் மத்தியானம் பூராவும் காயப் போட்டிருக்கிறார். வீட்டில் முதன்முதலாக அவர் செட்டைக் கழற்றிய நாள் அது.

நான் லேபிலிருந்து வந்து மாடி ஏறியபோது திரும்ப வாயில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்கியது. கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் தொட்டில் மாதிரி ஆடியது.

"கொதிதண்ணி ஆவாதுன்னு டாக்டர் படிச்சிப் படிச்சிச் சொன்னாங்களே நைனா" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"அவங்க செட்டுக்குச் சொன்னாங்க. நீ ஜாடின்னுதான சொன்ன?"

அம்மா வடகத்தை அள்ளிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

டாக்டர் செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனி இதைப் போடவே கூடாது, கோணிவிட்டது என்றார். புதிதுக்கு அளவு எடுக்கலாமா என்றால், இந்தப் புண் ஆறாமல் எடுத்தால் அளவு தப்பிவிடும், அதுவரை வெறும் வாயோடுதான் இருக்க வேண்டும் என்றார். வெளியே வந்ததும் நைனா துண்டை வாயில் வைத்து மூடிக்கொண்டார். வண்டியில் வீடு வரைக்கும் அதை எடுக்கவே இல்லை.

அந்த வாரம்தான் நயினார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு மாஸ்டரே வந்துவிட வேண்டும் என்று அந்த வீட்டம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மாதமாக எதற்காகத் தூங்காமல் கிடந்தாரோ அது வாசலுக்கே வந்து நிற்கிறது. நைனா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. உடம்பு முடியவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல் என்று என்னிடம் சைகை காட்டினார். நான் வந்தவரிடம் போய், வருவார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. மேல்பல் இல்லாத வாயில் வசவு இன்னும் அசிங்கமாக இருந்தது.

ஆனால் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. தகடு இல்லாததால் சொட்டு மருந்து இப்போது நேராக அண்ணத்தில் பட்டது. பயத்தில் சர்க்கரை மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டார். உதட்டோரம் வெடிப்பு மூடியது. ஒரு மத்தியானம் ரசம் சாதத்தைப் பிசைந்து வாயில் வைத்தவர் கையை நிறுத்தினார். கண்ணை மூடினார்.

"கடுகு கருகிடுச்சி" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. தாளித்தபோது கருகியது உண்மைதான். இத்தனை நாளாக அவள் எதைக் கருக்கினாலும் அவர் கண்டுபிடித்ததில்லை. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் கழற்று, கழற்று என்று ஒரு மாதமாக நான் கெஞ்சியதை ஒரு பெயின்ட் டப்பா செய்து முடித்துவிட்டதே என்கிற எரிச்சலும் இருந்தது.

நாக்கு வந்துவிட்டதால் போக மனசு வந்துவிட்டது. வாயைக் காட்டத்தான் வெட்கம். கொரோனா சமயத்தில் வாங்கி மீந்துபோன மாஸ்க் கட்டு ஒன்றை அம்மா பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பரிமாற ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அடுப்புப் புகையில் மாஸ்க்கோடு நின்ற நைனாவைப் பார்த்து, காய் நறுக்குகிறவர் ஆரம்பித்தார்.

"இன்னா மாஸ்டர், கொரோனா போயி எந்தக் காலமாவுது?"

"ஒனக்குப் போயிடுச்சி. எனக்குப் போவல. பூசணிய நறுக்கு."

ருசி பார்க்கும்போது மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பி மாஸ்க்கைத் தூக்கினார். உள்ளங்கை, நாக்கு, மூடின கண். பொழுது சாய்வதற்கு வெகுநேரம் முன்பே கடைசிப் பந்தி எழுந்தது. கூட்டுப் பாத்திரம் வழித்த மாதிரி திரும்பி வந்தது. தயிர் வாளியோடு நான் அடுப்படியில் நின்றிருந்தபோது வீட்டம்மாவே அங்கே வந்தார்கள். கல்யாணத்துக்குத் தேதி சொல்லி, கை காலியாக இருக்குமா என்று கேட்டார்கள். நைனா மாஸ்க்குக்குள்ளேயே என்னவோ சொன்னார். மேல்பல்லும் இல்லை, மாஸ்க் வேறு, பின்னால் அண்டா தேய்க்கிற சத்தம். என்ன சொல்றீங்க என்று அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பதில் போய்ச் சேராவிட்டால் கல்யாணம் கை நழுவிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, நைனா மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டார்.

"வந்துடறேம்மா."

வீட்டம்மா ஒரு கணம் அவர் வாயைப் பார்த்தார்கள். "பல்லு எங்க மாஸ்டர்?"

பழசில் பூஞ்சை பிடித்துவிட்டது, புதுசு கட்ட வேண்டும் என்று நைனா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"படுக்கும்போது கழட்டி வெக்கிறதில்லையா நீங்க? எங்க வீட்டுக்காரர் தினம் கழட்டிடுவாரே. ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்திப் போட்டு, சமையல் மேடை மேலயே வெச்சிடுவாரு."

"அப்படிங்களாம்மா?" என்றார் நைனா. உலகத்தில் முதன்முதலாக அப்போதுதான் அதைக் கேட்கிறவர் மாதிரி வியந்துபோய் நின்றார். என் கையில் தயிர் வாளி இருந்தது. அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நானும் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அம்மாவிடம் சொன்னார்.

"நயினார் வூட்ல கிண்ணத்துலதான் போட்டு வெக்கிறாங்களாம். அதுவும் சமையல் மேடையில."

"அவ்ளோ சுத்தம் பாக்கறவங்க, அவங்களேவா?" என்றாள் அம்மா. கொஞ்சம் யோசித்தாள். உள்ளே போய் மேல்தட்டைத் துழாவி, யார் கல்யாணத்திலோ கொடுத்த சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்து கழுவிக் கவிழ்த்தாள். அவ்வளவுதான். ஜன்னலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்த சண்டையெல்லாம் அதோடு முடிந்தது. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது புது செட் வந்துவிட்டது. தினமும் கழற்றுகிறார், சோப்புப் போட்டுத் தேய்க்கிறார், கிண்ணத்தில் போடுகிறார். மண்டபத்தில் தங்குகிற நாட்களில் கிண்ணமும் கூடப் போகிறது. அண்ணத்துச் சிவப்பு வடிந்து, பார்க்க நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பும்போது நைனா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். கூட வேலை செய்கிற ஒருவருக்கும் செட் கட்டியிருக்கிறதாம், வாய் எரிகிறது என்கிறாராம், அவருக்கு நல்லபடியாக எடுத்துச் சொல்லியிருக்கிறாராம்.

"ஒனக்கும் தெரிஞ்சிருக்கட்டும். அது வாயில இருக்கறது கம்மிடா. தகட்டுலதான் இருக்கும். வாய்க்கு மட்டும் மருந்து விட்டா திரும்ப வந்துடும்."

"யாரு சொன்னாங்க நைனா?"

"நயினார் வூட்டம்மாதான். வேற யாரு சொல்லுவா?"

அந்த அம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.